கோடை லீவும் நம்ம துறுதுறுப் பிள்ளைகளும்

(தாராபுரத்தில் நடந்த மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சிறப்பாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூலனூர், குண்டடம், அலங்கியம், கன்னிவாடி என்று பல ஊரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, சோறு ஆக்கி வைத்துவிட்டு வந்திருப்பீர்கள். உங்கள் நேரம் எவ்வளவு அருமையானது என்று எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முழுப் பரீட்சை முடிந்தால் ஒரு மாதத்துக்கு மேல் லீவு. சில பிள்ளைகளுக்கு லீவு என்றால் கொண்டாட்டம். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு மூணு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்திலும் திட்டு வாங்குவார்கள், வீட்டிலும் திட்டு வாங்குவார்கள். லீவு விட்டால் இன்னும் கூடுதலாக வாங்குவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அவர்களுக்கு நம் ஊரிலேயே, நம் குழு மூலமாகவே ஒரு சின்னக் கோடை முகாம் நடத்த முடியும் என்பதையும் சொல்லப் போகிறேன்.

திட்டு வாங்குகிற பிள்ளைகள் யார்?

ஒரு பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். சோறு திங்கும்போதே மூணு தடவை எழுந்து ஓடுவான். கடைக்கு உப்பு வாங்கிவர அனுப்பினால் வழியில் பம்பரம் விடுவதைப் பார்த்து நின்றுவிடுவான். காசும் தொலைந்துவிடும். டீச்சர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதிலைக் கத்துவான். "வாலு இல்லாத குரங்கு" என்று பேர் வாங்கியிருப்பான்.

இன்னொரு பிள்ளை அமைதியானது. வாயால் கேட்டால் கணக்குக்கூடச் சரியாகச் சொல்லும். ஆட்டுக்குட்டி எத்தனை, எது எந்த ஆட்டோட குட்டி என்று ஒன்று விடாமல் சொல்லும். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாய் கட்டிப் போகும். அஞ்சாவது வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். "மக்கு, மரமண்டை" என்று அதுக்கும் ஒரு பேர்.

முதல் பிள்ளைக்கு இருப்பது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறாக இருக்கலாம். டாக்டர்கள் இதை ஏ.டி.ஹெச்.டி. என்கிறார்கள். இரண்டாவது பிள்ளைக்கு இருப்பது கற்றல் குறைபாடாக இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். உலக அளவில் பார்த்தால் நூறு பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் ரெண்டு பேர். இது நம் ஊரிலும் இருக்கிற விஷயம்தான்.

ஒன்றை மனசில் வையுங்கள். துறுதுறுவென்று இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் கோளாறு இல்லை. அஞ்சு வயசுப் பிள்ளை ஓடத்தான் செய்யும். 12 வயசுக்கு முன்பே ஆரம்பித்து, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டில் மட்டும் இல்லாமல் பள்ளியிலும் சேர்த்து, பிள்ளையின் படிப்பையும் சிநேகிதத்தையும் கெடுக்கிற அளவுக்கு இருந்தால்தான் டாக்டர் அப்படிச் சொல்வார். நீங்களோ நானோ பார்த்தவுடன் முத்திரை குத்தக் கூடாது.

தாயின் குற்றம் இல்லை

"வளர்ப்புச் சரியில்லை, அம்மா செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா" என்று மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். இது தப்பான பேச்சு. இந்தக் கோளாறு மூளை வளரும் விதத்தில் வருகிறது. பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது. அப்பாவோ சித்தப்பாவோ சின்ன வயசில் இதே மாதிரி இருந்திருப்பார். செய்வினையும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் அடித்தால் சரியாகாது. கண் சரியாகத் தெரியாத பிள்ளையை அடித்தால் பார்வை வருமா?

கற்றல் குறைபாடு அறிவுக் குறைவு இல்லை என்பது 1896ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்த விஷயம். இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 14 வயசுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டிலும் சோடை போகாதவன், ஆனால் எழுத்துப் படிக்க மட்டும் வரவில்லை. 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தைச் சிலர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் பையனுக்கும் இதே குறைபாடுதான்.

தமிழ் எழுத்து ஏன் குழப்புகிறது?

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 247 எழுத்து. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன. ல, ள, ழ மூணும் நம் வாயிலேயே ஒன்றாகப் போய்விடுகிறது. 'கெ' என்று எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். ஆனால் வாயில் முதலில் வருவது 'க்' சத்தம், அப்புறம்தான் 'எ'. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. நமக்குப் பழகிப் போனதால் தெரிவதில்லை. சத்தத்தையும் எழுத்தையும் சேர்க்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு இது பெரிய மலை. இதோடு இங்கிலீஷும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் நம் குழுப் பணமும் வீணாகிறது. பையனுக்குப் படிப்பு வரவில்லை என்று குழுவில் கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறோம். அங்கேயும் வரவில்லை என்றால் டியூஷன். பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று கண்டுபிடிக்காமல் பள்ளியை மட்டும் மாற்றினால், கடன்தான் மிஞ்சும்.

சத்தம் போடாத பெண் பிள்ளை

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏ.டி.ஹெச்.டி. உள்ள பெண் பிள்ளைகளில் பல பேர் ஓடவும் மாட்டார்கள், கத்தவும் மாட்டார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கனவில் இருப்பார்கள். நோட்டைத் தொலைப்பார்கள். சொன்னதில் பாதிதான் காதில் ஏறும். தொந்தரவு செய்யாததால் யாரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் எட்டாவது வரை பெயில் போடுவதில்லை. அது நல்லதுதான். ஆனால் படிக்கத் தெரியாமலே ஒன்பதாவது, பத்தாவது வந்துவிடுகிறார்கள். அங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

பத்தாவதில் போனால் அப்புறம் என்ன நடக்கும் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பையன் என்றால் பனியன் கம்பெனி. பெண் என்றால் நூல் மில் ஹாஸ்டல், இல்லாவிட்டால் சீக்கிரமே கல்யாணம். வேலைக்குப் போவது கேவலம் இல்லை. ஆனால் "எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது" என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை போகிறதே, அதுதான் கொடுமை. அந்த நம்பிக்கையை நாம்தான் அதன் தலையில் ஏற்றி வைத்தோம்.

கோடை முகாம் என்றால் என்ன?

கோடை முகாம் என்றதும் கோயமுத்தூரில் பணக்காரப் பிள்ளைகள் நீச்சல் கற்கப் போவது என்று நினைக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கென்றே கோடை முகாம் நடத்தியவர் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் பெல்ஹாம் என்ற உளவியல் பேராசிரியர். 1980இல் புளோரிடா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தார். பிறகு பிட்ஸ்பர்க், பஃபலோ, மயாமி ஊர்களிலும் நடத்தினார். 2023இல் அவர் காலமானார். அவர் வகுத்த முறை இன்றும் பல ஊர்களில் நடக்கிறது.

அங்கே என்ன செய்கிறார்கள்? ஆறு முதல் எட்டு வாரம் முகாம். ஒரே வயசுப் பிள்ளைகளைச் சுமார் 12 பேர் கொண்ட குழுவாகப் பிரிக்கிறார்கள். தினம் ரெண்டு மூணு மணி நேரம் பாடம், மீதி நேரம் விளையாட்டு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் விதி உண்டு. விதிப்படி நடந்தால் மதிப்பெண் ஏறும், மீறினால் குறையும். நல்லது செய்த அந்த நிமிஷமே பாராட்டு. சாயங்காலம் வீட்டுக்கு ஒரு சீட்டுப் போகும். இன்றைக்கு என்ன நன்றாகச் செய்தான் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து அம்மா அப்பா வீட்டில் ஒரு சின்னப் பரிசு கொடுப்பார்கள். பெற்றோருக்கும் வாரா வாரம் பயிற்சி உண்டு.

சகோதரிகளே, இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? 12 பேர், விதிமுறை, வாராந்திரக் கூட்டம், வருகைப் பதிவு, பாஸ் புத்தகம், அன்றன்றைக்குக் கணக்கு, தாமதமாக வந்தால் அபராதம். இது நம் குழுதான்! கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்து சேர்ந்த எத்தனையோ பேர் இன்றைக்கு பேங்க் மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுகிறார்கள். யாராவது அடித்தா கற்றுக் கொடுத்தார்கள்? சின்னச் சின்னப் படி, அன்றன்றைக்குக் கணக்கு, பத்துப் பேர் கூட இருக்கும் தைரியம், இதுதான் கற்றுக் கொடுத்தது. அதையே பிள்ளைக்கும் செய்யப் போகிறோம்.

பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயல் இழந்த ராமகிருஷ்ணன் என்பவர் 1981இல் ஆரம்பித்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அங்கே உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் அம்மாமாருக்கும் கற்றுக் கொடுக்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பத்து நாள் முகாம்: எப்படி நடத்துவது?

1. இடம், நேரம்: ஊர்ச் சாவடி, சமுதாயக் கூடம், கோயில் மண்டபம், எதுவானாலும் நிழலும் தண்ணியும் கக்கூஸும் இருக்க வேண்டும். கத்திரி வெயில் காலம் என்பதால் காலை 7.30 முதல் 10.30 வரை போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வசதி.

2. பிள்ளைகள்: 15 பேருக்கு மேல் வேண்டாம். கஷ்டம் உள்ள பிள்ளைகளை மட்டும் பிரித்து உட்கார வைத்தால் "மக்கு முகாம்" என்று ஊர் பேர் வைத்துவிடும். எல்லாப் பிள்ளைகளையும் கலந்து சேருங்கள். யாருக்கு என்ன குறை என்பது நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

3. நடத்துகிறவர்கள்: பிளஸ் டூ, காலேஜ் முடித்த நம் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், பொறுமையான குழு உறுப்பினர் ரெண்டு பேர். முதல் நாளுக்கு முன்பு, வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை அழைத்து அரை நாள் பேசச் சொல்லுங்கள்.

4. விதி: நாலு விதிக்கு மேல் வேண்டாம். ஒருவர் பேசும்போது கேட்கணும். முறை வரும்வரை காத்திருக்கணும். கை நீட்டக் கூடாது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கணும். படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். தினமும் ஆரம்பத்தில் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

5. பாஸ் புத்தகம்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு விளையாட்டு முடிந்ததும் அங்கேயே நட்சத்திரம் போட வேண்டும். "அப்புறம் போடறேன்" என்றால் அந்தப் பிள்ளைக்கு அது போய்ச் சேராது. பாராட்டும்போது "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "உன் முறை வர்ற வரைக்கும் நின்னே பாரு, அது நல்லா இருந்துச்சு கண்ணு" என்று எதற்காக என்று சொல்லுங்கள். பரிசு காசாக வேண்டாம். மணி அடிக்கும் வேலை, அடுத்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, வரிசையில் முதல் ஆளாக நிற்பது, இதெல்லாம் பிள்ளைக்குப் பெரிய பரிசு.

6. நேரப் பிரிவு: 20 நிமிஷத்துக்கு மேல் ஒன்றையே இழுக்க வேண்டாம். உட்கார்ந்து செய்வது ஒன்று, ஓடிச் செய்வது ஒன்று என மாற்றி மாற்றி வையுங்கள். அடுத்து என்ன என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

என்ன விளையாட்டு, என்ன பாடம்?

விளையாட்டுக்கு நாம் கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம். கல்லா மண்ணா விளையாடினால் சொன்னதைக் கேட்டு நிற்கவும் ஓடவும் பழகும். நொண்டியில் உடம்பு நிதானம், முறைக்குக் காத்திருப்பது. பல்லாங்குழியில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணுவது. ஆடு புலி ஆட்டத்தில் அவசரப்பட்டால் தோல்விதான். அதனால் யோசித்து நகர்த்தப் பிள்ளை தானாகவே கற்றுக்கொள்ளும். அஞ்சாங்கல்லில் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும்.

நம் கொங்குச் சீமையின் கும்மி இருக்கிறதே, இந்தப் பிள்ளைகளுக்கு அருமையான பயிற்சி. அடியைக் கேட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, எல்லோரோடும் சேர்ந்து கால் வைக்க வேண்டும். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டும் ஆடி வந்ததைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தவர். உங்கள் ஊரில் கும்மி தெரிந்தவர் இருந்தால் பத்து நாளும் அரை மணி நேரம் கூப்பிடுங்கள். உட்காரவே மாட்டான் என்று பேர் வாங்கிய பையன் கும்மியில் முதல் வரிசையில் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

பாடம் என்றால் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். தட்டில் ரவையோ மணலோ பரப்பி, வாயால் சத்தம் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். கண், காது, வாய், விரல் நாலும் சேர்ந்தால் எழுத்து மனசில் நிற்கும். ஒரு நாளைக்கு மூணு எழுத்துப் போதும். புள்ளிக் கோலம் போட்டால் கைக்கு நிதானம் வரும். பஸ் ஸ்டாண்டு போர்டைப் படிக்கச் சொல்லுங்கள்: தாராபுரம், காங்கேயம், திருப்பூர். பால் சொசைட்டி அட்டையை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு நல்ல வழி உண்டு. பிள்ளை வாயால் ஒரு கதை சொல்லட்டும். அக்கா அதை அதன் பேச்சிலேயே எழுதட்டும், "எங்க ஆடு காட்டுக்குள்ள ஓடிப்போச்சு" என்று. மறுநாள் அந்தக் கதையை அந்தப் பிள்ளையே படிக்கட்டும். தான் சொன்னது என்பதால் தயங்காமல் படிக்கும். "எனக்கும் படிக்க வருது" என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லும்.

சத்துக்கும் ஏற்பாடு வேண்டும். சுண்டல், வாழைப்பழம், மோர் என்று ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய் வைத்தாலும், 15 பிள்ளைக்குப் பத்து நாளைக்கு 3,000 ரூபாய். ஒரு ஊரில் ஆறு குழு இருந்தால் குழுவுக்கு 500 ரூபாய். இது நம் சக்திக்கு உட்பட்டதுதான்.

கிணறும் ஆறும்: எச்சரிக்கை

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். யோசிக்காமல் சட்டென்று செய்வது ஏ.டி.ஹெச்.டி.யின் இயல்பு. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு விபத்து அதிகம். நம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் ஆழமான கிணறு. அமராவதியில் தண்ணி வந்தால் பிள்ளைகள் கும்பலாகப் போய்விடும். "போகாதே" என்று சொன்னதை அந்த நிமிஷத்தில் அந்தப் பிள்ளை மறந்துவிடும். அதனால் சொல்லிவிட்டோம் என்று இருக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருக்க வேண்டும். முகாமில் காலையும் முடியும்போதும் தலை எண்ண வேண்டும். பிள்ளையை வீட்டு ஆளிடமே ஒப்படைக்க வேண்டும். முகாமின் மற்ற பலன் எதுவுமே இல்லாவிட்டாலும், அந்த மூணு மணி நேரம் பிள்ளை பத்திரமாக இருந்தது என்பதே பெரிய பலன்.

முகாம் முடிந்த பிறகு

பத்து நாளில் குறை போய்விடாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகாமில் பழகியதை வீட்டிலும் பள்ளியிலும் தொடர்ந்தால்தான் நிற்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் செய்ய வேண்டியவை:

முதலில் கண்ணும் காதும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாததாலேயே படிக்காத பிள்ளைகள் உண்டு. ரத்தசோகை இருக்கிறதா, ராத்திரி போன் பார்த்துத் தூக்கம் கெடுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதனை இலவசம். மருத்துவக் குழு பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் கற்றல் குறைபாடும் ஏ.டி.ஹெச்.டி.யும் இருக்கின்றன. "என் பிள்ளைக்கு இப்படி இருக்குதுங்க, மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுங்க" என்று வாய் திறந்து கேளுங்கள்.

மூன்றாவது, வட்டார வள மையத்தில் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது 7 மட்டும்தான். புதிதாகச் சேர்ந்தவற்றில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. ஏ.டி.ஹெச்.டி. என்ற பேர் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் ரெண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுக்குச் சான்று கேட்கலாம்.

நான்காவது, பொதுத்தேர்வுச் சலுகை. கற்றல் குறைபாட்டுச் சான்று இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பரீட்சைக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது. ஒன்பதாவதிலேயே தலைமை ஆசிரியரிடம் பேசி ஆரம்பித்துவிடுங்கள்.

ஐந்தாவது, அடி. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளையை அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் தடை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பேசுங்கள். சண்டைக்குப் போவது போல வேண்டாம். "முதல் பெஞ்சில உக்கார வையுங்க, வேலையைச் சின்னச் சின்னதாப் பிரிச்சுக் குடுங்க" என்று ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கல்வி உதவிக்கு 14417, குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098. ரெண்டையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

கேள்வி: ஏனுங்க டீச்சர், இதுக்கு மருந்து குடுத்தா பையன் மந்தமாப் போயிருவானாமா? நெசமுங்களா?

பதில்: டாக்டர் பார்த்து, அளவு சரிபார்த்துக் கொடுத்தால் அப்படி ஆகாதுங்க. மந்தமாக இருந்தால் அளவை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். 1999இல் அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நான் சொன்ன கோடை முகாமும் அதில் ஒரு பகுதி. கவனத்தைக் கூட்ட மருந்து நன்றாக உதவியது. மருந்தோடு பயிற்சியும் சேர்ந்து கிடைத்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆறு வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முதலில் பெற்றோர் பயிற்சிதான். கடையில் நாமாக வாங்கிக் கொடுப்பதோ, சொல்லாமல் நிறுத்துவதோ கூடாது. ஏ.டி.ஹெச்.டி. இல்லாமல் கற்றல் குறைபாடு மட்டும் இருந்தால் அதற்கு மருந்தே கிடையாது. சொல்லிக் கொடுக்கும் முறையை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: அக்கா, சான்றிதழ் வாங்குனா நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமுங்களா?

பதில்: நீங்கள் மனசில் இருப்பதைக் கேட்டதுக்கு நன்றி அம்மிணி. இந்தப் பயத்தால்தான் பலர் மறைக்கிறார்கள். சான்றிதழை ஊர் முழுக்கக் காட்ட வேண்டியதில்லை, பள்ளிக்கும் தேர்வுத் துறைக்கும் காட்டினால் போதும். சான்று இல்லாமல் பத்தாவதில் நின்றுவிட்ட பெண்ணுக்கு என்ன வழி, சலுகையோடு பத்தாவது, பிளஸ் டூ முடித்துத் தன் காலில் நிற்கும் பெண்ணுக்கு என்ன வழி என்று நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வூட்டுக்காரர் "பெல்ட்டால நாலு போட்டா சரியாப் போகும்"ங்கறார். அவருகிட்ட எப்படிச் சொல்றதுங்க?

பதில்: பேசி ஜெயிக்க வேண்டாம். முகாமின் கடைசி நாள் சாயங்காலம் அப்பாமாரையும் தாத்தாமாரையும் கூப்பிடுங்கள். பிள்ளை கும்மி அடிப்பதையும், தன் கதையைத் தானே படிப்பதையும், நட்சத்திரம் நிறைந்த பாஸ் புத்தகத்தையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். நாம் நூறு தடவை சொல்வதை விட அது நன்றாகப் புரிய வைக்கும்.

தீர்மானம் எழுதுவோம்

சகோதரிகளே, நம் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் "பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்" என்றார்கள். வாரா வாரம் சேமித்த சின்னத் தொகைதான் அந்தப் பேச்சுக்குப் பதில் சொன்னது. இன்றைக்கு அதே பேச்சை நம் பிள்ளைகளில் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் மூணு விஷயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒன்று, நம் ஊரில் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பேர் சொல்லிக் கேவலப்படுத்தாமல் கணக்கெடுப்பது. ரெண்டு, மே மாதத்தில் பத்து நாள் முகாமுக்கு இடமும் ஆளும் முடிவு செய்வது. மூணு, ஜூன் மாதம் அந்தப் பிள்ளைகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போக ஒரு உறுப்பினரைப் பொறுப்பாக்குவது. தனியாக ஒரு அம்மா ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைந்தால் ரெண்டாவது நாளே சோர்ந்து போவாள். கூட ஒரு குழு உறுப்பினர் போனால் காரியம் முடியும்.